முதலில் வந்த பதில்

அம்பு தன்னால் நகர்ந்தது. தன்னாலென்ன தன்னால், ஓசூரில் உட்கார்ந்துகொண்டு மகள் இந்துமதிதான் நகர்த்துகிறாள் என்பது வசந்தாமணிக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் என்ன செய்ய, கோபிச்செட்டிபாளையத்து வீட்டின் முன்கூடமான ஆசாரத்து மூலையில் மவுஸ் தொடாதது தொடாதபடி கிடக்கிறது, திரையில் அந்த வெள்ளை அம்பு மட்டும் இங்கே போய், அங்கே நின்று, ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடி, அடுத்ததற்குப் போகிறது. ஒறம்பரைக்கு, விருந்தாட வந்தவள் வீட்டு அலமாரியைத் திறந்து திறந்து பார்க்கிற மாதிரி இருந்தது, அதுவும் பெற்ற மகள். போன் மேசை மேலேயே ஸ்பீக்கரில் கிடந்தது. திரையில் வந்த எண்ணை வாசிக்கச் சொன்னாள் இந்துமதி, வாசித்தாயிற்று; சம்மதம் என்று வருகிற இடத்தில் அமுக்கச் சொன்னாள், அமுக்கியாயிற்று; இனி நீ மவுஸைத் தொடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன், சும்மா உட்கார்ந்திரு போதும் என்றுவிட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பது லேசு என்று யார் சொன்னது. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் சும்மா உட்கார்ந்ததே கிடையாது, உட்கார்ந்தால் மடியில் அவரைக்காயோ முறமோ பேத்தியோ இருக்கும். இப்போது ரெண்டு கை மட்டும் கிடந்தது, அதுகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்னால் கட்டிலில் புருஷன் தெய்வசிகாமணி மோர்ச்சோறு உண்ட மயக்கத்தில் மல்லாந்து கிடந்தார். மேலே பேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கிடுக்கென்றது. சமையல்கட்டில் வட்டல்கள் கழுவாமல் காய்ந்துகொண்டிருந்தன. எழுந்து போய் அதையாவது கழுவலாம். எழுந்து போனால் அம்பு எங்கே போகிறதென்று யார் பார்ப்பது.

இத்தனைக்கும் காரணம் ஒரு கிளி. கம்ப்யூட்டரில் எதையாவது தேடினால் முன்பெல்லாம் வருகிற வெள்ளைப் பக்கம் வராமல், கொஞ்ச மாதமாகப் பச்சைக் கட்டம் போட்ட வேறொரு பக்கம் வந்து நிற்கிறது, அதன் உச்சியில் குட்டியாக ஒரு கிளிப் படம். தெய்வசிகாமணி கிணற்று மோட்டாருக்கு வாஷர் தேடினால் முடி வளர எண்ணெய் வருகிறது, பேத்திக்குப் பாட்டுத் தேடினாலும் முடி வளர எண்ணெய், மஞ்சள் விலை கேட்டாலும் அதே எண்ணெய்தான். இருக்கிற நாலு மசுருக்கு எத்தனை எண்ணெயைத்தான் தேய்ப்பது என்று வழுக்கையைத் தடவிக்கொண்டு மகளிடம் போனில் முறையிட்டார். ஜோசியக்காரன் கிளிகூட நாலு பேர் கேட்டால் நாலு சீட்டு எடுக்கும், இது ஊருக்கே ஒரே சீட்டை எடுக்கிறதே என்றார். இந்துமதி விழுந்து விழுந்து சிரித்தாள், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றாள். அந்தக் கிளியைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டி வந்தவள் வசந்தாமணிதான், அது அவருக்குத் தெரியாது. முகூர்த்தமும் அமாவாசையும் கிருத்திகையும் போட்ட காலண்டர் இலவசம் என்று பார்த்ததும் ஆசைப்பட்டு இறக்கினாள். அது ஏதோ கேட்டது, அடுத்து என்று அமுக்கினாள். இன்னும் ஏதோ கேட்டது, அடுத்து. விடாமல் கதையளக்கிற பெரியம்மாவுக்கு ம் கொட்டுகிற மாதிரி கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கிக்கொண்டே போனாள். காலண்டர் வந்ததோ இல்லையோ, கிளி வந்து உட்கார்ந்துகொண்டது. கிளி வந்து ஒரு மாதம் போயிருக்கும், அப்போதுதான் அதுவும் வந்தது. அதை இப்போது நினைக்கக்கூடாது. அம்பைப் பார். அம்பு ஏதோ பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போனது, கிளி ஒத்தையாக வரவில்லை, குடும்பத்தோடு வந்திருக்கிறது என்று இந்துமதி போனில் அலுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே தள்ள நேரமாகுமாம். ஆகட்டும், நேரமாகட்டும், எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அப்படியே மூடிவிட்டுப் போகட்டும், சாமி.

குளிக்கும்போதுதான் தெரிந்தது. சோப்புப் போட்ட கை வழுக்கிக்கொண்டு போகையில் ஓர் இடத்தில் நின்றது, இடது மாரில், கொண்டைக்கடலை அளவுக்கு. தண்ணியை ஊற்றிவிட்டுத் திரும்பத் தொட்டாள். இருந்தது. வலிக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள், வலிக்கவில்லை. வலிக்கலையே, அப்பறம் என்ன என்று துவட்டிக்கொண்டு வந்து இட்லி ஊற்றினாள், சட்னிக்கு உப்புப் போட மறந்து அதற்குப் பேச்சும் வாங்கினாள். அன்று மத்தியானம் அவர் தோட்டத்துக்குப் போனதும் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, மாரில் கட்டி வலி இல்லை என்று அடித்தாள். எழுதி முடித்ததும் உடம்பெல்லாம் கூசியது, அம்மணமாக நடுவீதியில் நின்ற மாதிரி. கிளிப் பக்கம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முதலில், வலி இல்லாத கட்டி வெறும் கொழுப்புக் கட்டிதான், பயம் வேண்டாம், கத்தி பட்டால்தான் அது கோபித்துக்கொண்டு உடம்பெல்லாம் பரவும், எங்கள் மூலிகைப் பொடி அதைக் கரைத்துவிடும் என்று இருந்தது. தாடி வைத்த ஒருத்தர் சிரித்துக்கொண்டிருந்தார். படித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது, நிம்மதியில் வருகிற அழுகை. கீழே இன்னும் எத்தனையோ இருந்தன, ஆஸ்பத்திரி என்றும் டாக்டர் என்றும் ஏதேதோ. அவள் கீழே போகவில்லை. மொதல்ல வந்தது வந்தாச்சு, அதுக்கப்பறம் என்ன கேள்வி.

அதை யார் கேட்டாலும் சிரிப்பார்கள், ஆனால் அவள் கேட்டுப் பழகியது அப்படித்தான். குலதெய்வக் கோயிலில் பூ கேட்டால், ஆத்தாளின் வலது தோளில் ஒரு பூவும் இடது தோளில் ஒரு பூவும் ஈரத்தோடு ஒட்டவைத்துவிட்டுப் பூசாரி ஒதுங்கிக்கொள்வார், எல்லாரும் மூச்சு விடாமல் நிற்பார்கள். வலது விழுந்தால் சரி, இடது விழுந்தால் வேண்டாம். எது முதலில் விழுகிறதோ அதுதான் வாக்கு, அதற்குப் பிறகு மற்றது விழுந்தாலும் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். மறுக்காக் கேட்பது ஆத்தாளைச் சந்தேகப்பட்ட மாதிரி. இந்துமதி கல்யாணத்துக்கு வலதுதான் விழுந்தது, மாப்பிள்ளை தங்கம். போர் போட இடது விழுந்தும் கேட்காமல் போட்டார்கள், புகைதான் வந்தது. அப்படியிருக்கக் கட்டிக்கும் ஆத்தாளிடமே போய்க் கேட்டிருக்கலாமே என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்வாள். கேட்கத் தைரியம் வரவில்லை, அதுதான் நிசம். இடது விழுந்துவிட்டால்? எதைக் கேட்டோம் என்று கூட நிற்கிறவர்கள் கேட்டால்? இந்தப் பெட்டியிடம் கேட்டால் பெட்டிக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாள். எத்தனை மத்தியானம் கேட்டிருப்பாள். மறுக்காக் கேட்கக்கூடாது என்கிறவள் இதை மட்டும் மறுக்கா மறுக்காக் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் அதே தாடிக்காரர் வந்து சிரித்தார், ஒவ்வொரு தடவையும் வலது பூ விழுந்த மாதிரியே இருந்தது.

பொடி கூரியரில் வந்தது. என்ன பார்சல் என்றவரிடம் முட்டிவலிக்குப் பொடி என்றாள், வாயில் வந்ததைச் சொன்னாள். கேப்பைமாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்து, காத்தால வெறும் வயிற்றில் வெந்நீரில் கலக்கிக் குடிப்பாள், வேப்பங்கொட்டையை அரைத்தது மாதிரி குமட்டும். ரெண்டு வாரம் போனபின் பார்த்தால் மனுசன் தனக்கும் முட்டி வலிக்குதென்று டப்பாவைத் தேடிப் பிடித்துத் தினம் ஒரு கரண்டி குடித்துக்கொண்டிருக்கிறார். அது மட்டுமா, முட்டி சுத்தமாகத் தேவலை என்று பால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பகீரென்றும் ஆனது. வேண்டாமுங்க, அது பொம்பளைகளுக்கு என்றால் ஏன் என்பார். சொல்லாமல் விட்டுவிட்டாள். ஒரே பொடியில் அவர் முட்டியும் குணமாகுமென்றால் தன் கட்டியும் கரையாதா என்று அதையும் ஒரு தெம்பாகவே எடுத்துக்கொண்டாள், மனசு போகிற போக்கைப் பாருங்கள். கரைகிறதா என்று தினமும் தொட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் சின்னதாகத் தெரியும், ஒரு நாள் விரலுக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று இருக்கும். கொண்டைக்கடலை என்று ஆரம்பித்தது இப்போது கொட்டைப்பாக்கு அளவுக்கு இருந்தது, ஆனால் அவள் கணக்கில் அது இன்னும் கொண்டைக்கடலைதான். வலிக்கலையே. நினைத்துக்கொண்டிருக்கும்போதே வலது கை மடியிலிருந்து எழுந்து முந்தானைக்குள் போய்விட்டிருந்தது. வெடுக்கென்று எடுத்தாள். அந்த அம்பு வழியாக இந்துமதிக்கு இந்தப் பக்கம் தெரியுமோ என்னமோ, இப்போதெல்லாம் எதுதான் தெரிவதில்லை.

"இது தேடற பொட்டியே இல்லம்மா," என்றாள் இந்துமதி, யாரிடமோ வெங்காயத்தின் விலையைச் சொல்கிற குரலில். "தேடற மாதிரி நடிக்கும். எவன் காசு குடுத்தானோ அவனக் கொண்டாந்து மொதல்ல நிறுத்தும். நீ என்ன கேட்டாலும் அதே ஆளுகதான் வருவாங்க. அப்பா சொன்னது நெசம், கிளி ஜோசியம்தான்."

வசந்தாமணி ம் என்றாள். ம் என்றுதான் வாய் சொன்னது. பேன் கிடுக்கென்றது, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது, காலுக்கடியில் தரை சில்லென்று இருந்தது, இதெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. காசு குடுத்தவன். அப்படியென்றால் அந்தத் தாடி. அப்படியென்றால் பூ தன்னால் விழவில்லை, ஒருத்தன் பின்னால் நின்று தினமும் தட்டிவிட்டிருக்கிறான், இவளும் தினமும் கும்பிட்டுவிட்டுக் கசப்பைக் குடித்திருக்கிறாள். கோபம் வரவேண்டும். வரவில்லை, அலுப்புதான் வந்தது. இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சொல்ல வேண்டும். சொன்னால் இவருக்குப் பிரஷர் ஏறும், இந்துமதி லீவு போடுவாள், பேத்தியை யார் பார்ப்பது, மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் சொல்லாமல் இருப்பதே ஒரு மாதிரி இருக்கும். நங்கையாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது பார்த்தாளே. நங்கையா என்றால் இவருடைய அக்கா, பாவாத்தாள், குரல் எடுத்தால் நாலு காடு தள்ளிக் கேட்கும். அவள் படுத்த பிறகு ஒறம்பரைச் சனமெல்லாம் ஒட்டுக்கா வந்தது, பிரட்டும் ஹார்லிக்ஸும் கையுமாக. ஆத்தா இப்படிப் பண்ணிப்போட்டாளே என்று அழுதுவிட்டு, காப்பி குடித்துவிட்டு, அடுத்த பஸ் எப்போது என்று விசாரித்தார்கள். காப்பி போட்டுப் போட்டு வசந்தாமணியின் கை வெந்தது. கடைசியில் ஒரு நாள் நங்கையா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வர்றவங்கள வரவேண்டாமுன்னு சொல்லு வசந்தா, அவிக மூஞ்சிகளப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்குது என்றாள். அந்த மூஞ்சிகள் எல்லாம் இனி இந்த வீட்டுக்குத் திரும்பி வரும். அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கும். அதைத்தான் அவளால் நினைக்க முடியவில்லை, கத்தியைக்கூட நினைத்துவிடலாம்.

ஆனால் நங்கையாவும் முதலில் வெறும் வாயு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓமத்தண்ணி குடித்தாள். வெகு நாள் குடித்தாள். டாக்டர் கடைசியில் கேட்டது ஒரே கேள்விதான், ஏம்மா இத்தனை நாளா எங்க இருந்தீங்க என்று. வசந்தாமணிதான் பக்கத்தில் நின்றாள், பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியெல்லாம் மனசுக்குள் நங்கையாவைத் திட்டிக்கொண்டே வந்தாள், படித்த ஊர், பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஈரோடு, ஒரு பொம்பளை இப்படியா இருப்பாள் என்று. இப்படித்தான் இருப்பாள். அன்றைக்கு அது தெரியவில்லை.

கிளி எங்கெங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது என்று பார்த்துவிட்டால் வேரோடு பிடுங்கிவிடலாம், அதனால் ஹிஸ்டரியைத் திறக்கிறேன் என்றாள் இந்துமதி. போன இடமெல்லாம் அதில் பதிந்திருக்குமாம். பதிந்திருக்குமா? எல்லாமா? எழுதினதுகூடவா? அம்பு மேல் மூலைக்குப் போனது, மூன்று புள்ளியைத் தொட்டது, ஒரு பட்டை இறங்கி வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டால்? கரண்டு போச்சு கண்ணு என்று சொல்லிவிடலாம். பிளக் கட்டிலுக்குப் பின்னால், அவர் தலைமாட்டில் இருந்தது. அம்பு பட்டையில் கீழே இறங்கியது. வசந்தாமணி மவுஸைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள், மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை நோக்கி. அம்பு துள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனது, பாதியிலேயே தடுமாறித் திரும்பியது, இந்துமதி இழுக்கிறாள், மறுபடி இவள் இழுத்தாள், அது நடுவில் கிடந்து நடுங்கியது. ஒரே அம்பை ரெண்டு பேரும் பிடித்திருந்தார்கள். சின்னதில் இந்துமதி இப்படித்தான் மருந்துக் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள், ரெண்டு கையாலும், வாயை இறுக்கிக்கொண்டு. வசந்தாமணிதான் அவளைக் காலிடுக்கில் போட்டு மூக்கைப் பிடித்துப் புகட்டியிருக்கிறாள்.

"பாத்தயாம்மா, எப்படி இழுக்குதுன்னு. நான் ஒரு பக்கம் போனா அது ஒரு பக்கம் போகுது. பொல்லாத வைரஸா இருக்கும்மா இது, விடமாட்டேங்குது."

விடமாட்டேங்குதுதான். வசந்தாமணி மவுஸின் மேல் கிடந்த தன் கையைப் பார்த்தாள், பாத்திரம் கழுவிக் கழுவி நகம் வெளுத்த கை. இப்போது விட்டுவிட்டால் மகளே பார்த்துக்கொள்வாள், சொல்கிற வேலை மிச்சம். பெருக்கல் குறியை அமுக்கிவிட்டாலும் இன்றைக்குத் தப்பிக்கலாம், வைரஸ் மேல் பழியைப் போட்டுவிடலாம், நாளைக்கும் அந்தக் கசப்பைக் குடிக்கலாம். மகள் இன்னும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள், மெனக்கெட்டு, விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டுதான் இழுப்பாள், அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. எதற்கு இழுக்கிறோம் என்று தெரியாமலே அம்மாவை இழுத்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. யார் மேல் பாவம் என்று தெரியவில்லை.

"அது வைரஸ் இல்ல கண்ணு," என்றாள். "நாந்தான்."

"நீயா? நீ எதுக்கும்மா இழுக்கறே?"

பேன் கிடுக்கென்றது. கட்டிலில் குறட்டை ஒரு முறை தடுக்கி மறுபடி ஓடியது. வசந்தாமணி போனை எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, காதோடு வைத்துக்கொண்டாள்.

"மாருல ஒரு கட்டி கண்ணு."

திரையில் அம்பு நின்றது. யாரும் பிடிக்கவில்லை, யாரும் இழுக்கவில்லை, அது பாட்டுக்குப் பச்சைக் கட்டத்தின் நடுவில் நின்றது. அந்தப் பக்கம் பேத்தி எதையோ தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு ஒரு கதவு சாத்தப்படுகிற சத்தம். அழுகிறாளோ என்று நினைத்தாள். திட்டப்போகிறாளோ.

"எந்தப் பக்கம்?"

"எடது."

சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. பூசாரி சத்தமாகச் சொல்வாரே, கூட்டத்தில் பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, இடது என்று. சொன்னதும் எல்லார் மூச்சும் ஒன்றாக இறங்கும். எது விழக்கூடாதென்று கோயில் பக்கமே போகாமல் இருந்தாளோ அதை அவள் வாயே சொல்லிவிட்டது. சொல்லியும் வீடு வீடாகத்தான் இருந்தது. இந்துமதி திட்டவில்லை. எப்போதிருந்து என்று கேட்டாள், காலண்டர் இறக்கினதற்கு அடுத்த மாதம் என்றாள் வசந்தாமணி. வலி இல்லை கண்ணு என்றாள் அவசரமாக, வலிக்கவே இல்லை. வலி இல்லாட்டியும் காட்டத்தான் வேணும்மா, தொட்டால் தட்டுப்படுகிற எதுவானாலும் டாக்டர் பார்க்கத்தான் வேணும், ஒன்றுமில்லாமலும் போகலாம், ஆனால் அதை அவர்தான் சொல்ல வேணும் என்றாள் இந்துமதி. வசந்தாமணி பொடியைப் பற்றிச் சொன்னாள். அப்பாவும் குடிக்கிறார் என்று சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பா விம்மலா என்று பிரித்தறிய முடியாத ஒரு சத்தம் வந்தது. இந்துமதி ராத்திரி பஸ் ஏறிக் காத்தால வந்துவிடுவாளாம், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமாம்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் வர்றதுக்குள்ள நீயே சொல்லீரும்மா. நான் சொன்னா நல்லாருக்காது."

போனை வைத்த பிறகும் அம்பு வேலை செய்துகொண்டிருந்தது. இப்போது அது எங்கே போனாலும் அவள் கண் பின்னாலேயே ஓடவில்லை. ஹிஸ்டரியைத் திறக்கவில்லை, கிளியையும் கிளியின் குடும்பத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே போட்டது, பெட்டி ஒரு முறை அணைந்து உயிர் வந்தது. வெள்ளைப் பக்கம், நடுவில் வெறும் கட்டம், ஒரு கோடு மின்னி மின்னிக் காத்திருந்தது. எதையும் கேட்கலாம். வசந்தாமணி ஒன்றையும் கேட்கவில்லை. வட்டல் கழுவலாமா என்று யோசித்தாள், பிறகு சுடுதண்ணி வைக்கலாமா என்று யோசித்தாள், பஸ்ஸில் வருகிறவளுக்குக் காத்தால என்ன டிபன் என்றும் யோசித்தாள். ஒவ்வொன்றும் பாதியில் நின்றது.

கட்டில் முனகியது. தெய்வசிகாமணி எழுந்து உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, துண்டால் மூஞ்சியைத் துடைத்தார். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, கிளி போயிருச்சா என்றார். போயிருச்சுங்க என்றாள். நல்லதாப் போச்சு, சனியன் என்றார். காலைத் தொங்கப்போட்டவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தார்.

"ரெண்டு நாளாப் பொடி குடிக்கல புள்ள. மறுக்காப் புடிச்சுக்கிச்சு பாரு. ஒரு கரண்டி கலக்கிக் குடு."

சமையல்கட்டுக்குப் போனாள். கேப்பைமாவு டப்பாவை நகர்த்தினாள், பின்னாலிருந்த டப்பாவை எடுத்தாள், திறக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை அங்கேயே வைத்துவிட்டு வெறும் கையோடு திரும்பி வந்து, கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டப்பகலில், கையில் ஒரு வேலையும் இல்லாமல், தன் பக்கத்தில் அவள் வந்து உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. டம்ளருக்கு நீட்டின கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.

"அது முட்டிக்கில்லீங்க," என்றாள்.